மக்காச்சோளத்துக்கு ஜிங்க்: மண்ணில் போடுவதா, இலையில் அடிப்பதா?

அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கம் மலையடிவார நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அங்கே முக்கால்வாசி சரளை கலந்த செம்மண்தான். மேல்மண் ஆழம் குறைவு, எருச்சத்தும் குறைவு. அதில் வருடக்கணக்கில் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு எடுத்துவிட்டு, கோழித்தீவனத்துக்கு நல்ல கிராக்கி இருக்கிறதே என்று வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு மாறினால், முளைத்து இரண்டு மூன்று வாரத்திலேயே குருத்து வெளுக்க ஆரம்பிக்கும். உரக்கடைக்குப் போனால் அஞ்சு விதமான பாக்கெட்டை எடுத்து முன்னால் வைப்பார்கள். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

முதலில் அது துத்தநாகக் குறைதானா, அதாவது ஜிங்க் குறைதானா என்று பாருங்கள். இளம் இலையின் அடிப்பாதியில், நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் அகலமான வெள்ளைப் பட்டை, நரம்பும் ஓரமும் மட்டும் பச்சை, கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி செடி குட்டையாக இருந்தால் அது ஜிங்க். இலை முழு நீளத்துக்கும் மெல்லிய கோடு கோடாக வெளுத்தால் பெரும்பாலும் இரும்பு. கீழ் இலை நுனியிலிருந்து நடுவாக மஞ்சள் ஓடினால் அது தழைச்சத்து, அதற்கு யூரியாதான் வேண்டும், ஜிங்க் மாதிரி நுண்ணூட்டம் எதுவும் உதவாது.

சரி, இப்போது ஜிங்க் சல்பேட். விதைப்புக்கு முன் கடைசி உழவில் ஏக்கருக்கு 10 கிலோ, மண் பரிசோதனையில் குறை என்று வந்திருந்தால் 15 கிலோ. கொஞ்சம் மணலில் கலந்து தூவிவிட்டால் வேலை முடிந்தது. கடையில் இரண்டு வகை இருக்கிறது: ஒன்றில் 21 சதவீதம் துத்தநாகம், இன்னொன்றில் 33. மூட்டையில் அச்சடித்ததைப் படிக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் கணக்கு தப்பும். 21 சதவீத சரக்கு 10 கிலோ போட்டால் மண்ணுக்கு 2.1 கிலோ துத்தநாகம் போகிறது. ஒரு டன் மக்காச்சோள மணியில் இருப்பதோ இருபது கிராம் சொச்சம். அப்புறம் எதற்கு இவ்வளவு என்றால், போட்டதில் பெரும்பங்கை மண் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அந்த மிச்சம் வீண் இல்லை, அடுத்த இரண்டு மூன்று பயிருக்கு வேலை செய்யும். மக்காச்சோளத்துக்குப் பின்னால் மறுபடியும் மல்லாட்டையோ நெல்லோ போடுகிற நம் ஊருக்கு இது பெரிய லாபம், இதைத்தான் யாரும் விலையில் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை: ஜிங்க் சல்பேட்டை டிஏபி, சூப்பர் பாஸ்பேட் மாதிரி மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தோடு ஒன்றாகக் கலந்து போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும், செடிக்கு ஜிங்க் சரியாகக் கிடைக்காது. வருடா வருடம் டிஏபியை அள்ளிப் போட்ட நிலத்தில் ஜிங்க் குறை கூடுதலாகத் தெரிவதற்கும் மணிச்சத்து மிகுதிதான் ஒரு காரணம்.

இலையில் அடிப்பது வேறு கதை. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், கூடவே 25 கிராம் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீர், அல்லது 100 கிராம் யூரியா. இவை எதுவும் இல்லாமல் வெறும் சல்பேட்டை அடித்தால் இலை கருகலாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவையாவது அடிக்க வேண்டும். சில நாளில் பச்சை திரும்புவதைப் பார்க்கும்போது மனசு நிறையும், ஆனால் கதிரின் வரிசையும் நீளமும் முழங்கால் உயரம் தாண்டும் சமயத்திலேயே முடிவாகத் தொடங்கிவிடுகிறது, அதற்கு முன் பட்டினி கிடந்த செடியில் இழந்ததை முழுசாக மீட்க முடியாது. கூலியும் ஒவ்வொரு தடவைக்கும் தனி. அடுத்த பயிருக்கு மண்ணில் மிச்சமும் நிற்காது. ஆகவே வெளுத்த பயிரைக் காப்பாற்ற இதுதான் வழி, ஆனால் திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டியது இது இல்லை. பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவால் உப்பேறிய கிணறுகள் இருக்கின்றன. காரமும் உப்பும் ஏறிய மண்ணில் போட்ட ஜிங்க் சீக்கிரம் கட்டுப்பட்டுவிடும் என்பதால், அந்த நிலங்களில் மட்டும் அடியுரத்தோடு தெளிப்பையும் ஆரம்பத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

செலேட்டட் ஜிங்க், அதாவது மண்ணில் சீக்கிரம் கட்டுப்படாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த ஜிங்க், பளபளப்பான பாக்கெட்டில் வரும், 12 சதவீதம் துத்தநாகம் இருக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 200 லிட்டர் அடித்தால் ஏக்கருக்கு 24 கிராம் துத்தநாகம். அதே 200 லிட்டரில் சல்பேட் கரைசல் 210 கிராம் கொடுக்கும். செலேட் இலையைக் கருக்காது, சுண்ணாம்பு வேலை இல்லை, சொட்டுநீரில் விடலாம், எல்லாம் உண்மைதான். அந்த வசதிக்காகக் காசு கொடுக்க மனமிருந்தால் வாங்குங்கள். மானாவாரியில் கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவருக்கு அதைத் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நுண்ணூட்டக் கலவை என்பது ஜிங்க்கோடு இரும்பு, மாங்கனீசு, தாமிரம், போரான் எல்லாம் கலந்தது. வேளாண்மைத் துறைக் கலவை ஏக்கருக்கு 5 கிலோ, மணல் சேர்த்து 20 கிலோவாக்கித் தூவ வேண்டும். மண் பரிசோதனை செய்யாதவர்களுக்கு இது நல்ல காப்பு, ஆனால் ஜிங்க் மட்டும் கடுமையாகக் குறைந்த நிலத்தில் இதிலுள்ள பங்கு போதாது. கதிரில் பல் விழுந்த வாய் மாதிரி மணி விட்டுப் போகிற நிலத்தில் போரானையும் சந்தேகிக்கலாம், கலவை அங்கே கைகொடுக்கும். போரானைத் தனியாக வாங்கி அதிகமாகப் போட்டுவிடாதீர்கள், தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் என்கிற பயிர் ஊக்கி இந்தப் போட்டியில் இல்லை. ஏக்கருக்கு 3 கிலோவை 200 லிட்டரில் கரைத்து, ஆண்பூ வெளிவரும்போது ஒன்று, மணி பிடிக்கும்போது ஒன்று என்று அடிப்பது. மணி நிரம்பவும் வறட்சி தாங்கவும் உதவும், நன்றாக வளர்ந்த பயிருக்கு. குருத்து வெளுத்து நிற்கிற செடிக்கு அது காலம் கடந்த மருந்து.

என்னைக் கேட்டால், நம் செம்மண்ணுக்கு ஜிங்க் சல்பேட் அடியுரம்தான், அதிலும் எருவில் ஊட்டமேற்றிப் போடுவது. ஒரு பங்கு உரத்துக்குப் பத்துப் பங்கு மக்கிய தொழு உரம், லேசாக ஈரம் காட்டி நிழலில் ஒரு மாதம் வைத்திருந்து போட்டால், மண் அதை அவ்வளவு சீக்கிரம் பிடித்து வைத்துக்கொள்ளாது. சரளை நிலத்தில் ஈரம் நிற்கவும் அந்த எரு உதவும். விதைப்புக்கு ஒரு மாதம் முன்னாலேயே யோசிக்க வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம். மாடு இல்லாத வீட்டில் எரு விலைக்கு வாங்குவது சுமைதான், அப்போது மணலில் கலந்தே போடுங்கள், போடாமல் மட்டும் விடாதீர்கள்.

மண் மாதிரி எடுத்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கும்போது, தழை, மணி, சாம்பல் மட்டும் பார்த்தால் போதாது, ஜிங்க்கும் போரானும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜிங்க் சல்பேட் போட்ட வருடத்தை மண்வள அட்டையின் பின்னாலேயே எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பயிர் எடுத்தபிறகு மறுபடி பார்த்துவிட்டு அடுத்த மூட்டை வாங்கினால் போதும்.