இரண்டாம் வகுப்பில் சிலேட்டு: பல ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

சிலேட்டைப் பழங்காலச் சாமான் என்று ஒதுக்கிவிட்ட பள்ளிகள் இன்று அதிகம். ஒன்றாம் வகுப்பிலேயே நோட்டும் பென்சிலும் வேண்டும் என்று பெற்றோரும் கேட்கிறார்கள். பழைய வட ஆற்காட்டுப் பக்கத்துக் கத்தோலிக்க உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில், 35 பிள்ளைகள் உட்காரும் இரண்டாம் வகுப்பில், பல ஆண்டுகள் தொடர்ந்து சிலேட்டை வைத்துப் பாடம் நடத்தியதில் எங்கள் முடிவு வேறு. ஒரு கேள்விக்கு வகுப்பு மொத்தமும் என்ன எழுதியது என்பதை அரை நிமிடத்தில் டீச்சர் கண்ணுக்குக் கொண்டுவரும் பொருள் வேறு எதுவும் இல்லை. ஆனால் எந்தச் சிலேட்டு, எப்படி, எதுவரைக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேலூர் லாங் பஜார் பக்கத்துக் கடைகளில் நான்கு விதம் பார்க்கலாம். மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டில் எழுத்து பளிச்சென்று விழும், பலப்பம் வழுக்காது. ஆந்திராவின் மார்க்காபூர் இந்தக் கல்லுக்குப் பேர்போன ஊர். சிமென்ட் தரையில் ஒரு தடவை விழுந்தால் மூலை போய்விடும். அதைவிட முக்கியம், சட்டத்தின் மூலையில் அடித்திருக்கும் தகரம் நாளடைவில் நிமிர்ந்து கையைக் கீறும். ஜூனில் புதிதாக வரும்போதே அந்தத் தகரத்தைச் சுத்தியலால் தட்டிப் படியவைத்து, மேலே துணி டேப் ஒட்டிவிட வேண்டும். தகரச் சிலேட்டை வாங்கவே வேண்டாம். ஈரத்துணி பட்டுப்பட்டு ஒரு பருவத்துக்குள் பெயின்ட் உரிந்து, விளிம்பில் துரு ஏறிவிடும். பிளாஸ்டிக் சிலேட்டு உடையாது, பையில் கனக்காது. ஆனால் புதிதில் மினுமினுப்பாக இருப்பதால் பலப்பம் வழுக்கி எழுத்து மங்கலாக விழும். 220 நம்பர் உப்புத்தாளை வாங்கி, அழுத்தாமல் வட்ட வட்டமாக இரண்டு நிமிடம் தேய்த்தால் சரியாகிவிடும். இன்னொன்று, ஏப்ரல் மாத வேலூர் வெயிலில் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டால் பிளாஸ்டிக் வளைந்துபோகும். வளைந்தது மேசையில் படியாது, எழுதும்போது ஆடிக்கொண்டே இருக்கும்.

மார்க்கரால் எழுதும் வெள்ளைச் சிலேட்டு பார்க்க அழகு. ஏழு வயதுப் பிள்ளை மூடியைப் போட மறக்கும், மார்க்கர் காயும், வாரத்துக்கு ஒன்று வாங்கவேண்டி வரும். இரவு முழுக்க அழிக்காமல் விட்ட எழுத்து மறுநாள் துடைத்தால் போகாது. அதன் மேலேயே மார்க்கரால் எழுதி உடனே துடைத்தால் பழைய மையும் சேர்ந்து வந்துவிடும். செலவைத் தாங்கும் பள்ளிக்கு அது சரி. எங்கள் தேர்வு உப்புத்தாள் போட்ட பிளாஸ்டிக் சிலேட்டு, ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் கட்டம்.

பலப்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு, முழு நீளக் குச்சியை அப்படியே கையில் கொடுப்பது. பிள்ளை அதை முஷ்டியில் பிடித்து அழுத்தும், நடுவில் முறியும். ஐந்து சென்டிமீட்டர் துண்டாக ஒடித்துக் கொடுத்தால் முஷ்டியில் பிடிக்க இடமே இருக்காது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தாமாக வந்து சேரும். பென்சில் பிடிப்புக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கத் தேவையில்லாத அளவுக்கு இது வேலை செய்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே தேய்ந்ததைத் திரும்ப வாங்கி வைத்துவிட வேண்டும், அது வாய்க்குத்தான் போகும். சும்மா கடிப்பது வேறு, தினமும் தேடித்தேடித் தின்பது வேறு. தினமும் தின்னும் பிள்ளைக்கு இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவில் மண், சுண்ணாம்பு, பலப்பம் மேல் ஆசை வருவது தெரிந்த விஷயம். திட்டாமல் வீட்டுக்குச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை அந்தப் பிள்ளை விழுங்கியதா என்பதையும் கண்ணால் பாருங்கள்.

துடைப்பது சின்ன விஷயம் போலத் தோன்றும், வகுப்பு நேரம் கரைவது அங்கேதான். எச்சில் தொட்டுத் துடைப்பதை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஆளுக்கொரு பழைய வேட்டித் துணி, ஒரு சாண் சதுரம், காலையில் நனைத்து நன்றாகப் பிழிந்தது. சொட்டச் சொட்ட இருந்தால் சிலேட்டு காய்வதற்குள் அடுத்த கேள்வி போய்விடும். காய்ந்த துணியென்றால் தூள் பறக்கும். எண்ணெய்க் கை இன்னொரு தொல்லை. காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முதல் பாடவேளையில் இப்போது தலைநிமிர்ந்து உட்காருகிறார்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. கிச்சடி சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு சிலேட்டைத் தொட்டால் போதும். கல் சிலேட்டில் ஏற்கெனவே எண்ணெய் ஏறியிருந்தால் வேலியில் படர்ந்திருக்கும் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். நம் பாட்டிமார் காலத்து வைத்தியம், இன்றும் பலிக்கிறது.

இனி முறை. கேள்வியை ஒரே தடவை சொல்ல வேண்டும். எழுத நேரம் கொடுத்து, எழுதி முடித்ததும் சிலேட்டை நெஞ்சோடு கவிழ்த்து வைக்கச் சொல்ல வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ணி, “காட்டு” என்றதும் எல்லாச் சிலேட்டும் ஒன்றாக உயர வேண்டும். வரிசை வரிசையாகப் பார்வையை ஓட்டுங்கள். சரி, தப்பு என்று வாயால் சொல்லாதீர்கள். சொன்ன நொடியே பாதிப் பேர் அழித்துவிடுவார்கள், என்ன நினைத்து எழுதினார்கள் என்பது போய்விடும். தப்பு எழுதிய மூன்று சிலேட்டுகளைப் பெயர் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டு கரும்பலகையில் அந்தத் தப்பையே எழுதி, “இப்படி எழுதினால் எப்படிப் படிப்போம்?” என்று கேளுங்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதுதான் இதில் வரும் பெரிய சிக்கல். ஒற்றைப்படை வரிசைக்கு ஒரு கேள்வி, இரட்டைப்படை வரிசைக்கு வேறு கேள்வி என்று வைத்தால் பாதி தீரும். மீதி, தப்பு எழுதினால் சிஸ்டரோ மிஸ்ஸோ திட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் தீரும்.

அப்படிப் பார்க்கும்போது தெரிவது நோட்டுத் திருத்தும்போது தெரியவே தெரியாது. ‘கொ’ எழுதச் சொல்லுங்கள். காதில் முதலில் விழுவது ‘க்’ ஒலி, அதனால் பிள்ளை முதலில் ‘க’ எழுதும். பிறகுதான் ஒற்றைக்கொம்பு ஞாபகம் வரும், இடப்பக்கம் இடமே இருக்காது. முந்தைய எழுத்தில் இடித்துக்கொண்டு ஒரு கொம்பை நெருக்கிப் போடும், அல்லது விட்டுவிட்டு ‘கா’ என்று முடித்துவிடும். நோட்டில் பார்த்தால் வெறும் பிழை. சிலேட்டில் எழுதும் கையைப் பார்த்தால் காரணமே தெரிந்துவிடுகிறது. “கொம்பு, க, கால்” என்று வாயால் சொல்லிக்கொண்டே அதே வரிசையில் எழுதவைத்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். ‘கோ’வுக்கு இரட்டைக்கொம்பு, அதே வரிசை.

அடுத்தது நம் ஊர்ப் பேச்சு. வாழைப்பழம் என்று சொன்னால் நாலைந்து சிலேட்டில் ‘வாயப்பயம்’ என்று வரும். இது கவனக்குறைவு இல்லை. வீட்டில், தெருவில், சந்தையில் காதில் விழுவதை அந்தப் பிள்ளை மிகச் சரியாக எழுதியிருக்கிறது, ஒலியைப் பிரித்து எழுதத் தெரிந்துவிட்டது என்பதற்கே அது சான்று. அந்தப் பேச்சைக் கேலி செய்தால் மறுநாள் முதல் எழுதவே தயங்கும். “வீட்டில் பயம், புத்தகத்தில் பழம்” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, நாக்கை மடக்கிச் சொல்லவைத்து, பிறகு எழுதவைப்பதுதான் வழி. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் பிள்ளைகளும் இருக்கும் வகுப்பில் ழகரத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுக்க வேண்டும்.

கணக்கில் சிலேட்டு மட்டும் போதாது. 47ஐயும் 25ஐயும் கூட்டச் சொன்னால் 612 என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஏழும் ஐந்தும் 12, நாலும் இரண்டும் 6. எல்லாம் சரி, இட மதிப்பு மட்டும் இல்லை. இதற்கு ஈர்க்குச்சிக் கட்டு வேண்டும். தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சியை 12 சென்டிமீட்டராக நறுக்கி, கூர் முனையை வெட்டிவிடுங்கள். ஐவர் கொண்ட ஏழு குழுவுக்கு, குழுவுக்கு ஒன்பது பத்துக்கட்டும் 20 உதிரியும் என்றால் 770 குச்சி. உடைவதற்கும் சேர்த்து 800 வெட்டி வையுங்கள். ரப்பர் பேண்ட் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் பிசுபிசுத்து அறுந்துவிடும். பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய சைக்கிள் டியூபை அரை சென்டிமீட்டர் வளையங்களாக வெட்டினால் பல வருடம் நிற்கும். இதில் முக்கியமான சங்கதி, கட்டை டீச்சர் கட்டிக் கொடுக்கக் கூடாது. பத்து எண்ணிக் கட்டுவதும், 52இல் 27ஐக் கழிக்கும்போது ஒரு கட்டை அவிழ்த்து உதிரியோடு சேர்ப்பதும் பிள்ளையின் கையால் நடக்க வேண்டும். கட்டி வைத்ததையே தூக்கித் தூக்கிக் காட்டினால், பிள்ளைக்கு அது பத்து இல்லை, ‘பெரிய குச்சி’. வாரம் ஒரு தடவை கட்டுகளை எண்ணிச் சரிபாருங்கள், ஒன்பது குச்சிக் கட்டும் பதினொரு குச்சிக் கட்டும் நிச்சயம் இருக்கும்.

வாசிப்பில் கத்தோலிக்கப் பள்ளிக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. காலையில் இறைவேண்டல், தமிழ்த்தாய் வாழ்த்து; பிறகு மறைக்கல்வி வேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒருபக்கம், மற்றவர்கள் நன்னெறிக்கு மறுபக்கம். இந்தப் பிரிப்பு வெறும் வசதிக்காக இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் இசைவில்லாமல் பிள்ளையைச் சமய போதனையில் பங்கேற்கவைக்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 28(3). மறைக்கல்வி நூலில் ‘விண்ணுலகில் இருக்கிற’ செபத்தை விரல் வைத்து ஒரு பிள்ளை தடையில்லாமல் ஓட்டினால் வாசிக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். விரல் மூன்றாம் வரியில் இருக்கும், வாய் ஐந்தாம் வரியில் இருக்கும். மனப்பாடமான எதுவும், தமிழ்த்தாய் வாழ்த்து உட்பட, வாசிப்புத் திறனைச் சோதிக்க உதவாது. ஆனால் வேறொன்றுக்கு உதவும். அந்த வரிகளைச் சொல் சொல்லாக அட்டையில் எழுதி நறுக்கி, கலைத்துப் போட்டு, வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல் வரவேண்டும் என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். அது எப்படி இருக்கும் என்று மட்டும் தேட வேண்டும். தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கம் நாங்கள் பார்த்ததில்லை. அடுக்கியதில் நான்கு சொல்லைச் சிலேட்டில் பார்க்காமல் எழுதவைத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. அட்டைகளை நன்னெறி வகுப்புக்கு வேறு வரிகளில் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலைப் பற்றிச் சுருக்கமாக. எழுத்தும் எண்ணும் கற்பிக்க 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த தமிழக அரசுத் திட்டம் இது. பிள்ளைகளின் கற்றலை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பக்கங்களை நிரப்பியே தீரவேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டால், ஒரு வாரம் வராத பிள்ளை பக்கத்து நூலைப் பார்த்து நிரப்பிவிடும். முதலில் சிலேட்டில் காட்டவைத்து, பிறகு நூலில் எழுதவைத்தால் இது நடக்காது.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வளர்ப்பதையும் பாடமாக்கலாம். ஓர் இரவு ஊறவைத்த கோதுமையைத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் மண்ணில் நெருக்கமாகத் தூவி நிழலில் வையுங்கள். கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் முன்னால் போட்டால் சரியாக இருக்கும். தெளித்தால் போதும், ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். தினமும் ஸ்கேல் வைத்து உயரத்தைச் சிலேட்டில் எழுதிக் காட்டட்டும். ஸ்கேலை 0இல் வைக்காமல் 1இல் வைப்பவர்கள் யார் யார் என்று முதல் நாளே தெரிந்துவிடும், ஏனென்றால் எல்லோரும் அளப்பது ஒரே தட்டு.

சிலேட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். எழுதியது எதுவும் மிஞ்சாது. வீட்டில் அம்மா பையைத் திறந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் நோட்டில் எழுதவைத்துத் தேதி போட்டுவிட்டால் இந்தப் புகார் எழாது. பலப்பத்துக்கு அழுத்தம் வேண்டும், பென்சிலுக்கு வேண்டாம். சிலேட்டிலிருந்து நேராக நோட்டுக்கு வரும் பிள்ளை தாளைக் கிழிக்கும். அதனால் தொடக்கத்தில் 2பி பென்சில் கொடுங்கள், லேசாக வைத்தாலே கருப்பாக விழும். இடக்கைப் பிள்ளைக்குச் சிலேட்டு இன்னும் சிரமம், எழுதிய எழுத்தை அதன் கையே துடைத்துக்கொண்டு போகும். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைத்து, சிலேட்டின் மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி திருப்பி வைத்து, கையை எழுத்துக்குக் கீழே வைக்கப் பழக்கினால் சரியாகும். கையை மாற்றச் சொல்லவே கூடாது. அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் திறந்ததும் எழுத்து வேலையை இரட்டைக்கோடு நோட்டுக்கும், கணக்கைக் கட்டம் போட்ட நோட்டுக்கும் மாற்றிவிடலாம். “காட்டு” கேள்விகளுக்கு மட்டும் சிலேட்டு ஏப்ரல் வரைக்கும் மேசை மேலேயே இருக்கட்டும்.