தாழ்த்திய மைவியும் பினாங்கின் வேகத்தடைகளும்

போன வாரம் என் பெரோடுவா மைவி காரின் முன்பக்க அப்சோர்பர் (அதிர்வைத் தாங்கும் எண்ணெய்க் குழாய்) இரண்டையும் மாற்ற வேண்டி வந்தது. எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் கிடந்தது. செய்தி எப்படியோ அக்காள் மகன் காதுக்கு எட்டிவிட்டது. அவனும் மைவிதான் வைத்திருக்கிறான். "மாமா, தீபாவளிக்குள் வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போடலாம் என்றிருந்தேன். வேண்டாமா?" என்று கேட்கிறான். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற கேள்வியாக இருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

வண்டி மூன்றாம் தலைமுறை, 1.5 லிட்டர். 2017இல் அறிமுகமானதிலிருந்து தீவில் எந்தச் சமிக்ஞை விளக்கில் நின்றாலும் முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. நம்முடையது எது என்று தெரிவதற்காகவாவது ஏதாவது செய்யத் தோன்றும். நான் செய்தவை: 16 அங்குல ரிம், முப்பது மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங், குரோம் பட்டைகளுக்குக் கறுப்புச் சாயம்.

ரிம்மைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய டயர் 185/55 ஆர்15, இப்போது 195/45 ஆர்16. மொத்த விட்டத்தில் மூன்று மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லாததால் வேகமானி பொய் சொல்வதில்லை. ஆனால் டயரின் பக்கச்சுவர் 102 மில்லிமீட்டரிலிருந்து 88க்கு இறங்கிவிட்டது. குழியில் விழும்போது தாங்கிக்கொண்டிருந்த ரப்பரில் அவ்வளவு போய்விட்டது என்று பொருள். இன்னொன்று, ரிம்மின் நடுத்துளை பொருந்தி உட்காரும் ஹப் மைவியில் 54.1 மில்லிமீட்டர். வெளியில் வாங்கும் ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் அதைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். எனக்கு மாட்டிய கடைக்காரர் அதைப் போடவில்லை, சொல்லவும் இல்லை. பினாங்குப் பாலத்தில் வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டீரிங் நடுங்க ஆரம்பித்தது. பேலன்சிங் மறுபடி செய்தும் தீரவில்லை. ஜெலுத்தோங்கில் வேறொரு பட்டறையில் நான்கு பிளாஸ்டிக் வளையங்களைச் செருகினார்கள். நடுக்கம் அன்றோடு போயிற்று. சில ரிங்கிட் வேலை.

இனி ஸ்பிரிங். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

முதுகு வலிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். வலிக்கவில்லை. கடினம் உண்டு, பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றும் இருக்கைக்குக் கீழே தட், தட் என்று கணக்குச் சொல்லும். அது பழகிவிட்டது. பழகாதது வேகத்தடை. இந்தத் தீவில் ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. ஒன்று ஆமை முதுகு, அடுத்தது சுவர். எங்கள் அடுக்குமாடியின் காவலர் கொட்டகைக்கு முன்னால் இருப்பது இரண்டாவது வகை. அதை நேராக ஏறினால் வயிற்றில் சர்ரென்று உரசும். அதனால் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். பார்த்துப் பார்த்துக் காவலருக்கு மனப்பாடமாகிவிட்டது. என்னைக் கண்டதும் எதிர்த் தடத்தில் வருகிறவர்களைக் கைகாட்டி நிறுத்திவிடுகிறார். அம்மாவுக்கு மூட்டுவலி. "இது காரா, பாயா? உட்காரவே குனிய வேண்டியிருக்கிறதே" என்று ஏறும்போதெல்லாம் ஒரு முறை.

தைப்பூசத்தில் வெள்ளி ரதத்துக்குச் சாலையோரம் சிதறுகாய் உடைப்பார்களே, மறுநாள் அந்த வழியாகப் போகும்வரை அதற்கும் ஸ்பிரிங்குக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கூட்டித் தள்ளியதில் தப்பிய ஒரு தேங்காய் ஓடு முன்பம்பருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கரகரவென்று இழுபட்டது. பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் கண்ணாடியைத் தட்டி, வண்டியில் ஏதோ கழன்று தொங்குகிறது என்றார். குனிந்து பார்த்தேன். கைவிரல் நுழைகிற இடைவெளிகூட இல்லை. குடைக்காம்பை விட்டுத்தான் நெம்பி எடுத்தேன்.

அப்சோர்பர் கசிந்ததற்கும் காரணம் இந்த ஸ்பிரிங்தான். குட்டையான, கடினமான ஸ்பிரிங்கைப் பழைய அப்சோர்பரோடு சேர்த்தால், அப்சோர்பரின் தண்டு எந்நேரமும் வழக்கத்தைவிட அமுங்கிய நிலையில் வேலை செய்யும். குழியில் விழுந்தால் அடித்தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். டயரின் உள்விளிம்பும் வேகமாகத் தேயும். ஸ்பிரிங் போட்ட அன்றே சக்கரங்களின் அலைன்மெண்ட் பார்த்தால் போதாது. ஓரிரு வாரம் ஓட்டி, ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாயா தெருபோங்கிலிருந்து பாலேக் பூலாவுக்கு மலையேறும் துன் சார்டோன் சாலையில், ஆளில்லாத காலை வேளையில், இந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் வளைவுக்கு வளைவு சாய்ந்து முனகிய மைவி இப்போது ஸ்டீரிங்கைத் திருப்பிய இடத்துக்கு மறுபேச்சில்லாமல் போகிறது. பின்னால் உட்கார்ந்த டுரியான் வாசம்கூட அசையவில்லை என்பான் என் தம்பி.

எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது சாயம்தான். மூன்றில் இதற்குத்தான் செலவு குறைவு. நம்பிக்கையும் இதில்தான் குறைவாக இருந்தது. குரோம் பூசிய பிளாஸ்டிக்கில் சாயம் நிற்காது, நம் ஊர் வெயிலில் உரிந்துவிடும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். புட்டர்வொர்த்தில் செய்துகொடுத்த பெரியவர் முகப்புப் பட்டையைத் தனியாகக் கழற்றி, தண்ணீர் விட்டு விட்டு உப்புத்தாளால் தேய்த்தார். குரோமின் பளபளப்பு முழுக்கச் செத்து, பட்டை சாம்பல் பூத்த பிறகுதான் பிரைமரையே கையில் எடுத்தார். அதற்கு மேல் கறுப்பு, அதற்கு மேல் கிளியர் என்கிற நிறமில்லாப் பளபளப்புப் பூச்சு. எதிர்வீட்டுக்காரர் கழற்றாமலே ஸ்பிரே டப்பாவில் அடித்தது மழைக்காலம் முடியுமுன் செதில் செதிலாக வந்துவிட்டது. என்னுடையதில் இன்றும் முகம் தெரிகிறது.

ஆகவே மருமகனே, சாயம் அடி. ரிம் வேண்டுமென்றால் 15 அங்குலத்திலேயே அழகாகப் பார்த்து வாங்கு, ஹப் ரிங்கை மறக்காதே. செய்யும் மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடு. ஸ்பிரிங்கைத் தொடாதே.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். பழைய ஸ்பிரிங் நான்கும் பத்திரமாக இருந்தன. மறுபடி மாட்டி உயர்த்திவிடலாமா என்று பட்டறைக்காரரும் கேட்டார். தாழ்த்திய வண்டிக்கென்றே வரும் குட்டை அப்சோர்பரைப் போடச் சொன்னேன். பழைய ஸ்பிரிங்கை அங்கேயே வேறொருவர் விலை கேட்டார், கொடுத்துவிட்டேன்.