படர் ஜூனிபர், ஒன்பது வருடம் கழித்து: என் தலைவலி அந்தப் பாதையோரம்தான்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள், சரிவில் புல் வெட்டி வெட்டி அலுத்துவிட்டது, உன் வீட்டில் இருக்கிற படர் ஜூனிபரையே நானும் வைக்கட்டுமா என்று. அன்று காலையில்தான் நான் இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, முழங்கை வரை சிவந்த தடிப்போடு உட்கார்ந்திருந்தேன். வேண்டவே வேண்டாம் என்று கத்தாத குறையாகச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டதற்கு ஒழுங்கான பதிலாக இதை இப்போது எழுதுகிறேன்.

படர் ஜூனிபர் என்பது தரையோடு கம்பளம் மாதிரி படர்கிற ஊசியிலைச் செடி. என்னிடம் இருப்பது அதில் வில்டோனி (Wiltonii) ரகம், நர்சரிகளில் ப்ளூ ரக் என்று விற்பார்களே, அது. நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேரழுகிப் போகும் என்பதெல்லாம் வாங்குகிற யாருக்கும் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை. எனக்கு இதில் இருக்கும் பிரச்சினை ஒன்றே ஒன்று.

என் வீட்டுச் சரிவில் நடும்போது ஒவ்வொரு செடியும் ஒரு தட்டு அகலம்தான் இருந்தது. செடிக்குச் செடி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டேன், அது சரி. ஆனால் கீழ் வரிசையை நடைபாதையிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். விற்றவரும் ஒன்றும் சொல்லவில்லை. இது உயரத்தில் 15 செ.மீ.யைத் தாண்டாது, அகலத்தில் இரண்டு மீட்டரையும் தாண்டும். முதல் வருடம் அப்படியே கிடந்தது, செத்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். நான்காம் வருடம் பாதையைத் தொட்டது, ஐந்தாம் வருடம் பாதை மேலேயே ஏறிவிட்டது. நான் கத்தரியை எடுத்து, வேலிச்செடியை வெட்டுவது மாதிரி, பாதையோரமாக ஒரே நேர்கோட்டில் வெட்டித் தள்ளினேன்.

அதைத்தான் செய்திருக்கக் கூடாது. ரோஜாவைக் கவாத்து செய்தால் வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து துளிர் கிளம்பிவிடும். ஜூனிபரில் பச்சை இருக்கிற பகுதியோடு நிறுத்திக்கொண்டால்தான் துளிர்க்கும், பச்சை இல்லாத பழைய குச்சி வரை வெட்டினால் அந்தக் குச்சி அவ்வளவுதான். மேலே நீலப்பச்சையாய்த் தெரிகிற கம்பளத்தின் ஓரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள், மேலே இரண்டு விரல் கனத்துக்குத்தான் பச்சை, அதற்குக் கீழே வெயில் படாமல் ஊசியிலை எல்லாம் உதிர்ந்துபோய் வெறும் பழுப்புக் குச்சிகள். நான் வெட்டி வெளியே காட்டியது அந்தக் குச்சிகளைத்தான். நான்கு வருடமாகிறது, வாசலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த மொட்டை விளிம்பைத்தான்.

மொட்டையாக இருப்பதால் வெளிச்சம் உள்ளே போகிறது, வெளிச்சம் போவதால் புல் முளைக்கிறது, அந்தப் புல்லைப் பிடுங்கக் கையை விட்டால் ஊசியிலை குத்தித் தோல் தடித்துவிடுகிறது. கையுறை போட்டால் புல்லின் வேர் பிடிபடுவதில்லை. மேலே சரிவு முழுக்கக் களையே இல்லை என்று சொல்லலாம், அங்கே முதல் மூன்று வருடம் மூடாக்கு போட்டுக் களை எடுத்ததோடு வேலை முடிந்தது. பாதையோரத்தில் மட்டும் வருடா வருடம் இந்தக் கூத்து.

எப்படி வெட்ட வேண்டும் என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். நீண்டு வந்த கிளையைத் தூக்கி, அது பிரிகிற கவை வரை உள்ளே தேடிப்போய், மேலே இன்னொரு கிளை மூடியிருக்கிற இடத்தில் ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். வெட்டின இடம் வெளியே தெரியாது. வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் போதும். மொட்டையான இடத்துக்கு, மேல் பக்கத்துக் கிளைகளை இழுத்துவந்து கம்பியால் மண்ணோடு அழுத்திப் பதியம் போட்டேன். இதன் கிளை மண்ணைத் தொட்டால் தானாகவே வேர் விடும், அந்தக் குணம் ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு வருடத்தில் பாதி மூடியிருக்கிறது.

அப்புறம், நல்லதையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அநியாயம். உறைபனி தொடங்கியதும் இந்த நீலம் மெல்ல ஊதாவாக மாறும். முதல் வருடம் நோய் வந்துவிட்டதென்று பதறினேன், வசந்தத்தில் பழைய நிறம் திரும்பியது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும் காலத்தில் விடியற்காலையில் அந்த ஊதாவின் மேல் பனி உறைந்து நிற்பதைப் பார்க்க நான் குளிரையும் பொருட்படுத்தாமல் வெளியே போய் நிற்கிறேன். மழைக்கு மண் கரைந்து பாதையில் ஓடிவந்த சரிவு அது, இப்போது ஒரு பிடி மண் வருவதில்லை. நட்ட மறு வருடத்துக்குப் பிறகு தண்ணீர் ஊற்றியதாகவே நினைவில்லை. இந்த ரகம் 1914-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், வைனல்ஹேவன் என்ற தீவில் கண்டெடுக்கப்பட்டது. கடற்காற்றிலும் கல்லிலும் வளர்ந்த செடிக்கு என் காய்ந்த சரிவு பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டும் தோழிக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அவள் சரிவு குறுகலானது, இரண்டு பக்கமும் படிக்கட்டு, மேலே வீட்டுச் சுவர். பிசின் நிறைந்த செடி, உள்ளே காய்ந்த ஊசியிலை வேறு, தீப்பிடித்தால் நிற்காமல் எரியும், சுவரை ஒட்டி வைக்கவே கூடாது. படியிலிருந்து ஒன்றேகால் மீட்டர் தள்ளி வைக்க அவளிடம் இடமும் இல்லை. அப்படியானால் நீ உன்னுடையதைப் பிடுங்கிவிடுவாயா என்று கேட்டாள். மாட்டேன். பாதையோரத்து மீதிப் பாதிக்கு இந்த வசந்தத்தில் இன்னும் நான்கு கிளைகளைப் பதியம் போடப் போகிறேன்.