பச்சைக் கோடும் அட்டையும்: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

சித்தப்பா மகள் நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அண்ணே, நீங்க யூஸ் பண்ற கேள்வி வங்கி பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. வாங்கட்டுமா?" ஹவுஸ்மன்ஷிப் (புது மருத்துவருக்கான பயிற்சி ஆண்டு) முடித்துவிட்டாள், அடுத்து எம்ஆர்சிபி என்ற பிரிட்டிஷ் மருத்துவத் தேர்வின் முதல் பகுதி. ஒரே வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். கோபம் வந்து இவ்வளவு நீண்டுவிட்டது.

கேள்விகளில் குறை சொல்ல மாட்டேன். விளக்கங்கள் அருமை, மற்ற நான்கு விடைகளும் ஏன் தவறு என்றுகூடப் பொறுமையாகச் சொல்லும். என் சண்டையெல்லாம் திரையின் வலது மூலையில் நிற்கும் பச்சைக் கோட்டோடுதான். 'தேர்ச்சி வாய்ப்பு' என்று ஒரு விழுக்காடு காட்டும். முதல் முறை எழுதப் போன அன்று எனக்கு 84 காட்டியது. ஃபெயில்.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. அதே கேள்விகளை இரண்டாம் சுற்றில் போடும்போது '52 வயது தபால்காரர்' என்று கேள்வி தொடங்கும்போதே விரல் 'சி'க்குப் போய்விடும். கோடு அதையும் சரியான விடையாக எண்ணி ஒரு படி ஏறும். எனக்குத் தெரிந்தது தபால்காரரை, அவருடைய நோயை அல்ல. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து இதையொட்டிய ஒன்றைச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது, இன்னொன்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்தவர்கள் மேல். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் மேல். 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அடித்துச் சொன்னது மட்டும் திரும்பப் படித்தவர்கள்!

கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்று அட்டை காட்டும் ஆங்கி செயலியில் இந்த ஏமாற்று இல்லை. கணினியில் இலவசம், ஐபோனுக்குத்தான் காசு. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து ஊட்ரம் பார்க் வரை ரயிலில் தினமும் அதுதான். ஒரு அட்டையை எட்டு முறை மறந்தால் அதற்கு 'லீச்' என்று முத்திரை குத்தி ஒதுக்கி வைத்துவிடும். லீச் என்றால் ரத்தம் குடிக்கும் நம் ஊர் அட்டை. ஆக, அட்டையாகிப்போன அட்டை! எனக்கு அப்படி ஒட்டிக்கொண்டது ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் என்ற சிறுநீரகக் கோளாறு: அதன் எந்த வகையில் பொட்டாசியம் ஏறும்? அப்போது வார்டில் நீரிழிவோடு இந்தக் கோளாறும் உள்ள ஒரு மக்சிக் (மலாய் அம்மா) இருந்தார். மகள் ஆசையாக வாழைப்பழம் கொண்டு வருவார், அதில் பொட்டாசியம் அதிகம் என்று தாதி வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அட்டையை அழித்து, 'வாழைப்பழம் கிடைக்காத மக்சிக்குக்கு எந்த வகை?' என்று எழுதினேன். விடை: நான்காம் வகை. அதன் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 2015இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 72 மருத்துவ மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்க உரிமத் தேர்வின் முதல் படிக்கு (2022இலிருந்து அது வெறும் பாஸ், ஃபெயில்) கூடுதலாக 445 பயிற்சிக் கேள்விகள் போட்டவர்களுக்கு ஒரு மார்க் அதிகம். ஆங்கியில் அதே ஒரு மார்க்குக்கு 1,700 அட்டைகள். அட்டையைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற எனக்கு இது கொஞ்சம் கசந்தது. பத்து விநாடி அட்டையும் ஒன்றரை நிமிடக் கேள்வியும் ஒன்றா என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். இருந்தாலும் எண்ணிக்கை கேள்வி வங்கியின் பக்கம்தான். முதல் முறை நான் புதிதாகப் போட்டவை ஆயிரத்தைத் தொடவில்லை; மிச்சமெல்லாம் தபால்காரர்.

பழைய மதிப்பெண் என்று ஒன்று வேறு இருக்கிறது. பிரிட்டனில் மெக்மேனஸ் என்ற ஆய்வாளரின் குழு 2013இல் காட்டியபடி, பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் ஏ லெவல் தேர்வு மதிப்பெண்ணின் நிழல் எம்ஆர்சிபி வரைக்கும் கூடவே வருகிறது. தொடக்கக் கல்லூரிக்குத் திரும்பிப் போய் அதைத் திருத்தவா முடியும்?

தங்கச்சிக்கு அனுப்பிய பதில்: "வாங்காதே. காசு வாங்கிக்கொண்டு தைரியம் விற்கிறார்கள்." அனுப்பிவிட்டு, அதே பாதி விலையில் நான் இரண்டாம் பகுதிக்கு ஆறு மாதச் சந்தா கட்டினேன். கோட்டை மறைக்கும் வசதி இன்னும் வரவில்லை. மடிக்கணினியின் வலது மூலையில் காயக் கட்டுக்கு ஒட்டும் மைக்ரோபோர் டேப் ஒட்டியிருக்கிறேன். அவளுக்கும் ஒரு சுருள் எடுத்து வைத்திருக்கிறேன், எப்படியும் வாங்கத்தான் போகிறாள்.