கிளீவ்லேண்டுக்கு அடுத்த குவார்ட்டர்பேக் எந்த வழியில் வர வேண்டும்?

கிளீவ்லேண்ட் நகரத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் ஜன்னலில் பல வருடங்கள் ஒரு ஜெர்சி தொங்கியது. ஊரின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான பிரவுன்ஸ் 1999-ல் மறுபடி களத்துக்கு வந்தபோது முதல் ஆளாக எடுத்த டிம் கவுச்சின் 2-ம் எண் ஜெர்சி. அவருக்குப் பிறகு வந்த ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கின் பெயரையும் டேப்பில் எழுதி, ஒன்றன் கீழ் ஒன்றாக அதில் ஒட்டிக்கொண்டே போனார்கள். பிறகு ஒருநாள் அதைக் கழற்றிவிட்டார்கள். 2018-ல் பேக்கர் மேஃபீல்ட் வந்தார். நான்கே வருடத்தில் மேஃபீல்டும் போய்விட்டார். 1999 முதல் 2025 வரை கணக்குப் பார்த்தால், ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் 40-க்கும் மேல்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான். மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த ஒரு இடம் சரியில்லை என்றால் மற்றவர்கள் என்ன ஆடினாலும் பெரும்பாலும் வீண். அதனால்தான் பிரவுன்ஸ் ரசிகர்கள் வருடம் தவறாமல் இதே விஷயத்தில் முட்டிக்கொள்கிறார்கள். கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் உச்சியில் இருப்பவனை எடு என்கிறது ஒரு கட்சி. எவ்வளவு கொடுத்தாவது பெரிய பெயரை வாங்கு என்கிறது இன்னொன்று. பின்சுற்றில் அதிர்ஷ்டம் பார்க்கலாம், அனுபவசாலியை மலிவாகப் பிடிக்கலாம் என்பவர்களும் உண்டு. எல்லாரும் தங்கள் வழியில் ஜெயித்த அணியைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும் முறையே வேறு. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் தவறிவிட்டால் அணி எத்தனை வருடம் முடங்கும் என்பதை வைத்துத்தான் நான்கு வழிகளையும் எடை போட வேண்டும்.

டிராஃப்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது. கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக வரிசைப்படி எடுக்கும். போன சீசனில் ஆக மோசமாக ஆடிய அணிக்கு முதல் பிக், அதாவது முதலில் எடுக்கும் வாய்ப்பு. 2011-ல் லீக்குக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே புது ஒப்பந்தம் வருவதற்கு முன் இந்த வழியில் செலவும் அதிகம். 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 7.8 கோடி டாலர். அடுத்த வருடமே கேம் நியூட்டனுக்கு சுமார் 2.2 கோடி. இப்போது இளைஞன் சரியாக அமைந்துவிட்டால் நான்கு வருடத்துக்கு அவன் மலிவு. மிச்சமாகும் சம்பளத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். 2013 சீசனில் சியாட்டில் லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை ஜெயித்தபோது ரஸ்ஸல் வில்சன் மூன்றாம் சுற்று ஆளின் சம்பளத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

ஆனால் உச்சியில் எடுத்தால் கிடைத்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. 2018 டிராஃப்டைப் பாருங்கள். முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள்: முதலிடத்தில் மேஃபீல்ட், 3-ல் சாம் டார்னால்ட், 7-ல் ஜாஷ் ஆலன், 10-ல் ஜாஷ் ரோசன், 32-ல் லமார் ஜாக்சன். கடைசியாகப் போன ஜாக்சன் இரண்டு முறை எம்.வி.பி., அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆலன் 2024-ல் ஆனார். ரோசன் காணாமல் போனார். மேஃபீல்டும் டார்னால்டும் எடுத்த அணிகளில் தேறாமல், மூன்று நான்கு ஊர் சுற்றிய பிறகு நன்றாக ஆடினார்கள். ஆலனே முதல் வருடத்தில் எறிந்த பந்துகளில் 52.8 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. அவரை எடுத்த பஃபலோ அணி கைவிடவில்லை. சொல்லிக்கொடுத்தார்கள், 2020-ல் பந்தைப் பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வருடம் 69.2 சதவீதம். யாரை எடுத்தோம் என்பதில் பாதி, எடுத்தபின் என்ன செய்தோம் என்பதில் மீதி.

இதில் வேண்டுமென்றே தோற்று முதல் பிக் வாங்கலாம் என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. 2016-லும் 2017-லும் சேர்த்து பிரவுன்ஸ் ஆடியது 32 ஆட்டம், ஜெயித்தது ஒன்று. 0-16 என்று முடிந்த சீசனுக்கு, 2018 ஜனவரிக் குளிரில் ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றிப் பூஜ்ய வடிவில் ஊர்வலம் போனார்கள். இன்னொரு தடவை அதை அனுபவி என்று அந்த ஊருக்குச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம் பெரிய டிரேட், அதாவது பிக்குகளையும் ஆட்டக்காரர்களையும் கொடுத்து இன்னொரு அணியின் ஆளை வாங்குவது. இதன் கவர்ச்சி புரிகிறது. 2021-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், ஜாரெட் காஃபோடு இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கியது. அந்த சீசனிலேயே சூப்பர் பௌல். ஆனால் ஸ்டாஃபோர்ட் போய் இறங்கிய வீட்டில் ஆரன் டொனால்ட், ஜேலன் ராம்சி, கூப்பர் கப் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

அதே கணக்கைப் போட்ட டென்வர், 2022-ல் ரஸ்ஸல் வில்சனுக்காக இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளோடு மூன்று ஆட்டக்காரர்களையும் கொடுத்தது. அவர் ஒரு ஆட்டம் ஆடுவதற்கு முன்பே 24.5 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு. இரண்டு சீசன் முடிந்ததும் வெளியே அனுப்பினார்கள். ஆள் இல்லை, ஆனாலும் சுமார் 8.5 கோடி டாலர் அணியின் சம்பள உச்சவரம்பில், அதாவது சம்பளத்துக்கு லீக் அனுமதிக்கும் மொத்தத் தொகையில், ஏறி உட்கார்ந்தது.

அதே 2022 மார்ச்சில் கிளீவ்லேண்ட் செய்தது இதைவிடப் பெரியது. டெஷான் வாட்சனுக்கு மூன்று முதல் சுற்று பிக்குகள், கூடவே சில பின்சுற்று பிக்குகள், ஐந்து வருடத்துக்கு 23 கோடி டாலர், அத்தனையும் உத்தரவாதம். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் புகாரோடு வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார், குற்ற வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் கிராண்ட் ஜூரிகள் குற்றம் சாட்ட மறுத்தன, லீக் 11 ஆட்டம் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. தங்கள் பெண் பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போகிற குடும்பங்களிடம் இந்த ஆளுக்குக் கைதட்டுங்கள் என்று அணி கேட்டது. ஆட்டத்தில் ஜெயித்திருந்தாலும் அந்தக் காயம் ஆறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஜெயிக்கவும் இல்லை. 2022, 2023, 2024 மூன்று சீசனிலும் சேர்த்து அவர் தொடங்கியது 19 ஆட்டம். தோள்பட்டை, பிறகு குதிகால் தசைநார், அது மறுபடியும் ஒருமுறை. 2025-ல் உரிமையாளர் ஜிம்மி ஹாஸ்லமே குறி தப்பிவிட்டது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

வயிற்றெரிச்சல் எதில் என்றால், 2017-ல் 12-வது பிக் கிளீவ்லேண்டிடம்தான் இருந்தது. அதை ஹூஸ்டனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஹூஸ்டன் அதில் எடுத்த ஆள்தான் வாட்சன்.

பின்சுற்று அதிர்ஷ்டத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. டாம் பிரேடி 2000-ல் 199-வது ஆள், பிராக் பர்டி 2022-ல் 262-வது, அதாவது கடைசி ஆள். சான் பிரான்சிஸ்கோ பர்டியை நம்பியா இருந்தது? முந்தைய வருடம்தான் மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொட்டி ட்ரே லான்ஸை எடுத்திருந்தார்கள். தற்செயலாக வந்ததைத் திட்டம் என்று சொல்ல முடியாது. செலவு இல்லாததால் வருடத்துக்கு ஒருவனை எடுத்துப் போடலாம், தப்பில்லை.

அனுபவசாலி வழியை ரசிகர்கள் ஏனோ மட்டமாகப் பார்க்கிறார்கள். 2023 நவம்பரில் வீட்டில் சும்மா இருந்த 38 வயது ஜோ ஃப்ளாக்கோவை கிளீவ்லேண்ட் கூப்பிட்டது. ஐந்து ஆட்டம், நான்கு வெற்றி, பிளேஆஃப். ஹூஸ்டனிடம் 45-14 என்று நொறுங்கியதும் உண்மைதான். அந்த ஆட்டத்தில் அவர் எறிந்த இரண்டு பந்துகளை எதிரணி பிடித்து எல்லைவரை ஓடி டச்டவுன் ஆக்கியது. ஆனால் அந்த டிசம்பரில் அந்த மைதானம் எழுப்பிய சத்தத்தை 23 கோடி டாலர் ஒருநாளும் வாங்கித் தரவில்லை. கிளீவ்லேண்ட் ஒதுக்கிய மேஃபீல்டை டாம்பா பே ஒரு வருடத்துக்கு 40 லட்சம் டாலருக்குத்தான் பிடித்தது. 2024-ல் 41 டச்டவுன் எறிந்தார். மினசோட்டா 1 கோடிக்கு வாங்கிய டார்னால்ட் அந்த சீசனில் 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். இந்த ஒப்பந்தம் பொய்த்தால் போவது ஒரு வருடம் மட்டுமே. பிக்குகள் கையில் இருக்கும், உச்சவரம்பும் அடிபடாது.

அதனால் என் தேர்வு இதுதான். இரண்டு வருடம் தாங்கக்கூடிய நடுத்தர விலை அனுபவசாலி ஒருவர் ஆடட்டும். அவருக்குக் கீழே, முதல் சுற்றில் தனக்கு வரும் பிக்கில் எடுத்த இளைஞன் ஒருவன் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். டிராஃப்ட் வரிசையில் மேலே ஏற அடுத்த வருடத்து முதல் சுற்று ஒன்றைக் கொடுக்கலாம், மூன்று கூடாது. கேன்சஸ் சிட்டி 2017-ல் அப்படித்தான் 27-லிருந்து 10-க்கு ஏறி பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது; அந்த சீசன் முழுக்க அலெக்ஸ் ஸ்மித் ஆட, மஹோம்ஸ் தொடங்கியது ஒரே ஆட்டம். கிரீன் பே ஜோர்டன் லவ்வை மூன்று வருடம் உட்கார வைத்தது. மூன்று வருடம் அதிகம். மலிவான சம்பளக் காலத்தையே அது தின்றுவிடும். ஒரு வருடம் போதும்.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்றை நான் மதிக்கிறேன். ஆளைப் பற்றிப் பேசும் முன் அவனைக் காக்கும் வரிசையைச் சரிசெய் என்பார்கள். சரிதான், ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கும் கிளீவ்லேண்டே சாட்சி. ஜோ தாமஸ் 2007-ல் வந்தார். தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்), ஒன்றுகூடத் தவறாமல் இடது பக்கத்தைக் காத்து நின்றார். 2023-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். தன் பிளேஆஃப் ஆட்டம் என்று ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

நீங்கள் சொல்லும் வழியைத்தான் 2025-ல் செய்தார்களே என்று கேட்பவர்களும் உண்டு. அது வேறு. 40 வயதில் திரும்பி வந்த ஃப்ளாக்கோவை நான்கு ஆட்டத்தோடு நிறுத்தினார்கள், சில நாளில் சின்சினாட்டிக்கு விற்றார்கள். மூன்றாம் சுற்று டில்லன் கேப்ரியலும் ஐந்தாம் சுற்று ஷெடூர் சாண்டர்ஸும் அதே சீசனில் ஆள் மாற்றி ஆள் இறக்கப்பட்டார்கள். உண்மையில் இதற்கு நெருங்கி வந்தது 2014-ல். பிரையன் ஹோயர் ஆடிக்கொண்டிருந்தார், முதல் சுற்று ஜானி மன்ஸல் உட்கார்ந்திருந்தார், அணி ஏழு வெற்றி, நான்கு தோல்வி என்று நின்றது. அடுத்த இரண்டு தோல்வியிலேயே பொறுமை போய், சின்சினாட்டிக்கு எதிராக மன்ஸலை இறக்கினார்கள். 0-30 என்று தோல்வி. இந்த வழியை எடுப்பதாக இருந்தால், இளைஞன் முதல் வருடம் தொடங்க மாட்டான் என்று ஜூலைப் பயிற்சி முகாமிலேயே பயிற்சியாளரும் உரிமையாளரும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும், அக்டோபரில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றாலும் அதை மாற்றக் கூடாது.