போக்கிமான் '151' பெட்டி வாங்கும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்

போக்கிமான் அட்டைகளை இணையத்தில் வாங்குகிற எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள் என்று காசு கட்டுகிற பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். 'சீல் பிரிக்காத புதுப் பெட்டி' என்று சொல்லி எனக்கு அனுப்பப்பட்டது, யாரோ முன்பே பிரித்து, விலைபோகும் அட்டைகளை உருவிக்கொண்டு, மறுபடி ஒட்டி மூடிய பெட்டி. கூடவே வாங்கிய ஒற்றை அட்டை ஒன்றும் போலி. விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, பெயர் வெளியே வந்தால் இந்த ஆட்கள் மறுநாளே வேறு பெயரில் புதுப் பக்கம் தொடங்கிவிடுகிறார்கள். அவர் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் சென்னையில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஒரு சிறு குழுவாகக் கூடி விளையாடுவோம். பள்ளி மாணவர்கள் முதல் என்னைப் போல நாற்பதைத் தொடப்போகிறவர்கள் வரை எல்லோரும் உண்டு. சிப்ஸ் பாக்கெட்டில் வந்த போக்கிமான் டாசோவைச் சேர்த்த தலைமுறை நான். அதனால் ஸ்கார்லெட் அண்ட் வயலெட் வரிசையில் 2023 செப்டம்பரில் 151 என்ற தொகுப்பு வந்தபோது மனம் கேட்கவில்லை. முதல் 151 போக்கிமான்களை மட்டும் வைத்து வந்த தொகுப்பு அது. என் வயதுக்காரர்களின் பர்ஸைக் குறிவைத்துச் செய்தது போலவே இருக்கும். அட்டைப் பேக்குகளும் விளையாட்டுச் சாமான்களும் அடங்கிய அதன் எலைட் ட்ரெய்னர் பாக்ஸ் ஒன்றையும், என் டெக்குக்காக (விளையாடும் அட்டைக் கட்டு) ஆப்சிடியன் ஃப்ளேம்ஸ் என்ற இன்னொரு தொகுப்பின் சாரிசார்ட் இஎக்ஸ் என்ற போக்கிமான் அட்டைகளையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன். மொத்தம் 14,000 ரூபாய்க்குப் பக்கம். ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் பக்கம், நல்ல நல்ல விமர்சனங்கள், தினமும் நேரலையில் பேக் (உள்ளே எந்த அட்டை என்று தெரியாமல் மூடி வரும் சிறு பாக்கெட்) பிரித்துக் காட்டுவார். சந்தேகப்பட ஒன்றுமே தெரியவில்லை.

பெட்டி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை. இந்தப் பெட்டிகளின் உறையில் சிறுசிறு வெள்ளை நிறத்தில் போக்கிமான் முத்திரை அச்சிட்டிருக்கும். இதில் எதுவுமே இல்லை, வெறும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். ஒரு மூலையில் சூடு அதிகமாகிச் சுருங்கி, ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. உடனே படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். "இம்போர்ட் ஸ்டாக் இப்படித்தான் வரும் ப்ரோ, டென்ஷன் ஆகாதீங்க" என்று பதில். சரி, எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பேசியை ஸ்டாண்டில் வைத்து, இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன்.

உள்ளே எல்லாம் இருந்தது. அட்டைக்குப் போடும் ஸ்லீவ் (உறை), பகடை, போக்கிமானுக்குச் சக்தி தரும் எனர்ஜி அட்டைகள், ஸ்னார்லாக்ஸ் போக்கிமானின் ப்ரோமோ (சிறப்பு வெளியீட்டு) அட்டை, ஒன்பது பேக். இந்தத் திருட்டில் கெட்டிக்காரத்தனமே அதுதான்: பெட்டியும் அசல், சாமானும் அசல், பேக்கின் காகிதமும் அசல். கை வைத்தது பேக்குக்குள் மட்டும். முதல் பேக்கின் மேல் விளிம்பைப் பிடித்துப் பிரித்தபோது வழக்கமாக வரும் 'சர்ர்' என்ற சத்தம் வரவில்லை. விளிம்பில் ஓடும் பல் பல்லான அழுத்தக்கோடு ஓரிடத்தில் மழுங்கி, உள்பக்கம் விறைப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. பசை. நகத்தால் சுரண்டினால் மெல்லிய தோலாக உரிந்து வந்தது.

உள்ளே பத்து அட்டையும் 151 தொகுப்பின் அட்டைகள்தாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றுகூட மின்னவில்லை. இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கார்லெட் அண்ட் வயலெட் வரிசையின் ஆங்கிலப் பேக் ஒவ்வொன்றிலும் நான்கு காமன் (சாதாரணம்), மூன்று அன்காமன் (சற்றே அரிது), அதன்பின் குறைந்தது மூன்று மின்னும் அட்டைகள் இருந்தே ஆகவேண்டும். அந்த மூன்றும் மலிவான அட்டைகளாக இருக்கலாம், குப்பையாகக்கூட இருக்கலாம். ஆனால் மின்னாமல் இருக்க வழியில்லை. இரண்டாவது பேக்கும் அப்படியே. மூன்றாவதில் ஒரே காமன் அட்டை இரண்டு முறை. நான்காவதோடு நிறுத்திவிட்டேன், மிச்சம் ஐந்தையும் தொடவில்லை.

அந்த வாரம் விளையாடப் போனபோது எல்லாவற்றையும் எடுத்துப்போய் மேசையில் பரப்பினேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற தம்பி ஒருவன், நான் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த கோட் கார்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது 151 இல்லையே, பால்டியா எவால்வ்ட் கோட் ஆச்சே" என்றான். ஆன்லைன் விளையாட்டில் சேர்ப்பதற்காக ஒவ்வொரு பேக்கிலும் ஒரு கோட் அட்டை வரும், அதில் எந்தத் தொகுப்பு என்று போட்டிருக்கும். நான்கு பேக்கில் மூன்றில் வேறு தொகுப்பின் கோட். நல்லதை உருவிய ஆள், வீட்டில் குவிந்து கிடந்த 151 காமன் அட்டைகளைப் போட்டு நிரப்பியிருக்கிறார், கோட் கார்டை மட்டும் கைக்குக் கிடைத்ததைத் திணித்திருக்கிறார். யாரும் அதைப் பார்ப்பதில்லை என்கிற தைரியம்.

இனி வாடிக்கையாளர் சேவை. முதல் பதில்: "ஹிட் வராதது லக் ப்ரோ, அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல." ஹிட் என்றால் விலைபோகும் அரிய அட்டை. இந்த ஒரு வரியைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வியாபாரத்தில் என்ன வரும் என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அதனால் திருடியவன் 'அதிர்ஷ்டம் இல்லை' என்று சொல்லிவிட்டால் பாதிப் பேர் நம்பிப் பேசாமல் போய்விடுகிறார்கள். பேக்கில் வரவேண்டிய அட்டைகளின் கணக்கைச் சொல்லி, கோட் கார்டுகளின் படத்தையும் அனுப்பினேன். பேச்சு உடனே மாறியது. வீடியோ வேண்டும் என்றார். கொடுத்தேன். கூரியர் கவரைப் பிரிப்பதிலிருந்து இல்லை, பெட்டியைப் பிரிப்பதிலிருந்துதான் இருக்கிறது, ஆகவே செல்லாது என்றார். அப்படி ஒரு நிபந்தனை வாங்கும்போது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவருடைய பக்கத்தில் நான் போட்ட கருத்து காணாமல் போனது, அப்புறம் நானே குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். கடைசியில் தனிச்செய்தியில் ஒரு சமரசம்: வேறிடத்தில் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிட்டால் அடுத்த ஆர்டரில் இருபது சதவீதத் தள்ளுபடியாம். அவரிடமே மறுபடி வாங்க வேண்டும், அதற்குத் தள்ளுபடி!

ஒற்றை அட்டை விஷயத்துக்கு வருகிறேன். சாரிசார்ட் இஎக்ஸ் மூன்று வாங்கினேன். இரண்டு சாதாரண 125-ஆம் எண் அட்டை, ஒன்று ஆசைக்காக 223-ஆம் எண் சிறப்புச் சித்திர அட்டை. இரண்டிலும் எழுதியிருப்பது ஒன்றேதான்: 330 ஹெச்பி (உயிர்ப்புள்ளி), எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸ் (பரிசு) அட்டைக்கும் 30 கூடுகிற அதே அடி. படமும் விலையும் மட்டும் வேறு. 125 இரண்டும் அசல். 223-ஐத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. அந்த வகை அட்டையின் மேற்பரப்பை விரலால் தடவினால் வரிவரியாக நெருடும். எனக்கு வந்தது வழவழவென்று இருந்தது. பின்பக்க நீலம் வெளிறி ஊதா கலந்திருந்தது. கைப்பேசி டார்ச்சுக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் வரை வெளிச்சம் பாய்ந்தது. அசல் அட்டையின் நடுவில் கருமையான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதே தொகுப்பின் அசல் அட்டையைப் பக்கத்தில் வைத்து விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். போலியில் வெள்ளை மட்டும்.

'விளையாடத்தானே, போலியானால் என்ன' என்று சிலர் சொல்கிறார்கள். நண்பர்களோடு வீட்டில் ஆடினால் தாளில் எழுதி ஸ்லீவில் செருகிக்கூட ஆடலாம், யார் கேட்கப்போகிறார்கள். ஆனால் முறைப்படி நடக்கும் போட்டியில் போலி அட்டைக்கு இடமில்லை. மாற்று அட்டை தரும் அதிகாரமும் நடுவருக்கு மட்டும்தான், அதுவும் போட்டியின்போது அட்டை சேதமானால்தான். தவிர, தடிமன் மாறுபட்ட ஒரே ஓர் அட்டை அறுபது அட்டைக் கட்டுக்குள் இருந்தால், கலைக்கும்போதே கைக்குத் தெரியும். ஏமாற்றுவதற்காகக் குறி வைத்த அட்டை என்று நடுவர் எடுத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், விற்றவர் வந்து நிற்கமாட்டார்.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன், சேகரிப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. விளையாடுகிறவருக்கு மூடிய பெட்டியால் காலணா பிரயோஜனம் இல்லை. ஒரு டெக்கில் அறுபது அட்டை, அடிப்படை எனர்ஜி தவிர ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது. என்னென்ன வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்பே தெரியும். அதை ஒற்றை ஒற்றையாக வாங்கிவிட்டுப் போகலாம். எந்த அட்டை போட்டியில் செல்லும் என்பதைக் காட்ட இடது கீழ் மூலையில் இருக்கும் எழுத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் எஃப் எழுத்து அட்டைகள் ஸ்டாண்டர்ட் என்ற வழக்கமான போட்டி முறையிலிருந்து வெளியேறியதும், அவற்றைப் 'போட்டிக்கான டெக்' என்று தலையில் கட்டப் பார்த்தவர்களும் உண்டு. அதே அட்டை புதிய தொகுப்பில் மறுபடி அச்சாகியிருந்தால் பழையதையும் வைத்து ஆடலாம் என்பது வேறு கதை. முதலீடு, முதலீடு என்று யூடியூபில் கூவிக் கூவித்தான் பிரிக்காத பெட்டிக்கு இந்த விலை வந்தது. விலை வந்ததால்தான் பசைக்குப்பியோடு ஆட்களும் வந்தார்கள்.

பணக்காரர்களும் தப்பவில்லை. 2021 டிசம்பரில் லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர், முதல் பதிப்புப் போக்கிமான் பெட்டிகள் ஆறு கொண்ட, சீல் பிரிக்காத ஒரு கேஸை 35 லட்சம் டாலருக்கு வாங்கினார். அசல் என்று அதற்குச் சான்றும் இருந்தது. அடுத்த மாதம் திறந்தால் உள்ளே ஜி.ஐ. ஜோ என்ற வேறொரு பொம்மை வரிசையின் அட்டைகள். தரச்சான்று போட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேழையில் வருகிற அட்டைகளிலும் போலிப் பேழை உண்டு. சான்று எண்ணை, சான்று தந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பார்த்து, அங்கே இருக்கும் படத்தோடு கீறல், மூலை வரை ஒப்பிடாமல் பணம் அனுப்பாதீர்கள்.

151 பற்றி இன்னொன்று. ஆங்கிலத்தில் அந்தத் தொகுப்புக்கு 36 பேக் கொண்ட பூஸ்டர் பாக்ஸ் வெளியிடப்படவே இல்லை. ப்ரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ், கிரவுன் ஸெனித் ஆகிய தொகுப்புகளுக்கும் அப்படியே. ஜப்பானிய 151-இல் பாக்ஸ் உண்டு, ஆனால் அது 20 பேக், பேக்குக்கு ஏழு அட்டை. ஆகவே 'ஆங்கில 151 பூஸ்டர் பாக்ஸ், 36 பேக், இன்று மட்டும் 3,999' என்று விளம்பரம் வந்தால் படத்தைப் பெரிதாக்கி ஆராய வேண்டிய வேலையே இல்லை. அப்படி ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. ஃபேன்சி ஸ்டோர்களில் தொங்கும் தங்க நிற பிளாஸ்டிக் அட்டைகளும் அதே கதைதான். குழந்தைகள் விளையாட ஐம்பது ரூபாய்க்கு வாங்கித் தந்தால் தப்பில்லை, நூற்றுக்கணக்கில் கொடுத்தால் தப்பு.

பணத்தைப் பொறுத்தவரை, கடையின் பெயரில் இல்லாமல் யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு யுபிஐ செய்யச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். என் விஷயத்தில் பில் இருந்தது, அதனால் பிடி கிடைத்தது. 'நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்' என்று பக்கத்தில் எழுதியிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். 2020-இன் மின்வணிக விதிகளின்படி, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைகிற கேஸ் என்றால் சைபர் மோசடி உதவி எண் 1930, அதுவும் உடனே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

1915-இல் பதிந்த பிறகு அந்த 'ப்ரோ'வின் குரலே மாறிவிட்டது. இப்போது 'சார்'. 223 அட்டைக்கான பணம் வந்துவிட்டது. பெட்டிக்குப் பாதி தருகிறேன் என்கிறார், முழுதும் தந்தால்தான் புகாரை முடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். பிரிக்காத ஐந்து பேக்கும் அதற்குத்தான் அப்படியே இருக்கின்றன.

அண்மையில் எங்கேயாவது 151 பெட்டி வாங்கியவர்கள், கோட் கார்டுகளைத் தூக்கிப் போடாமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வேறு தொகுப்பின் பெயர் இருந்தால் பில்லோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே ஆளிடம் வாங்கியிருந்தால் சேர்ந்தே ஆணையத்துக்குப் போகலாம்.