கடைக்கு போஸ்ட் போடக் கற்றுக்கொள்ள எது நல்ல வழி: கேன்வாவா, கோர்ஸா, ஃப்ளெக்ஸ் கடையா?

சுங்குடிச் சேலை விற்பவர், மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடுபவர், விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர், மெஸ் நடத்துபவர் என்று மதுரையில் சிறுதொழில் பார்க்கிற பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இன்ஸ்டாவுக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் நாமளே நல்லா படம் போடணும்னா எங்க போய்க் கத்துக்கிறது?"

நம் ஊரில் இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. போனில் கேன்வா என்ற டிசைன் செயலியை இறக்கித் தானாகப் பழகுவது, பணம் கட்டி கோர்ஸில் சேர்வது, ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பது, இல்லையென்றால் கற்காமலே வெளியாளிடம் கொடுத்துவிடுவது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாகத் தொழில் செய்பவர் கேன்வாவில் தொடங்கி, கொஞ்ச நாள் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது. கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன் நன்றாக விசாரிக்க வேண்டும். செய்ததைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்ல ஆள் இருக்கிற இடத்தில்தான் இந்த வேலை கைக்கு வருகிறது.

ஒப்பிடுவதற்குச் சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. துணியில் பொடிப் பொடியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து, காய்ந்தபின் முடிச்சைப் பிரித்தால் புள்ளி விழும். கையால் போட்ட முடிச்சு என்பதால் ஒரு புள்ளிபோல் இன்னொன்று இருக்காது. அச்சுச் சேலையில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் நிற்கும். விலை வித்தியாசத்துக்குக் காரணமே இதுதான். அப்படியென்றால் அந்தக் கடையின் போஸ்டில் தெரிய வேண்டியது புள்ளி. ரோஜாப்பூ பார்டர், தங்க நிற ஃப்ரேம், மூலையில் மீனாட்சியம்மன் கோபுரம் எல்லாம் அப்புறம்.

கேன்வாவைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவிலிருந்து 2013-இல் வந்த செயலி. இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குப் போதும். படத்தின் பின்னணியை ஒரே தட்டில் நீக்குவது, நம்மிடம் உள்ள எழுத்துருவை ஏற்றுவது, ஒரே டிசைனை எல்லா அளவுக்கும் மாற்றுவது போன்றவைதான் காசு கட்டினால் கிடைக்கும். இதில் உள்ள பெரிய நன்மை, அன்றைக்கே ஒரு போஸ்ட் வெளியே போய்விடும் என்பது. தொழில் நடத்துகிறவருக்கு அந்த வேகம் வேண்டும்.

அதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. தீபாவளி என்று தேடினால் முதலில் வருகிற டெம்ப்ளேட்டை, அதாவது தயாராகச் செய்துவைத்த மாதிரி டிசைனைத்தான் விளக்குத்தூண் பக்கத்துக் கடைக்காரரும் எடுப்பார், அண்ணாநகர் பேக்கரிக்காரரும் எடுப்பார். பேரை மாற்றினால் யார் கடை என்றே தெரியாது. டெம்ப்ளேட்டை அளவுக்கும் இடைவெளிக்கும் பார்த்துப் பழகலாம். படம் நாம் எடுத்ததாக இருக்க வேண்டும்.

அந்தப் படம் எடுப்பதைக் கேன்வா சொல்லித் தராது. வேலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. கடைக்குள் டியூப்லைட்டுக்குக் கீழே அரக்கு நிறச் சேலையை எடுத்துப் பாருங்கள், மண் நிறமாகத் தெரியும். அதைப் பார்த்து வாங்கியவர் பார்சலைப் பிரித்ததும் "கலர் வேற" என்று திருப்பி அனுப்புவார். அதே சேலையைக் காலையில் மொட்டைமாடியில், நேர் வெயில் படாத நிழலில் விரித்து எடுங்கள். ஒரு ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். பிறகு ஸ்னாப்சீட் என்ற படம் திருத்தும் செயலியில் வொயிட் பேலன்ஸ் பகுதிக்குப் போய், அந்தத் தாளைத் தொட்டுக் காட்டினால் நிறம் அதன் இடத்துக்கு வந்துவிடும். செயலி இலவசம். முழுச் சேலை ஒரு படம், முந்தானை ஒரு படம், ஒரு கைப்பிடி அளவுக்கு நெருங்கிப் புள்ளி மட்டும் ஒரு படம் என்று எடுத்தால் வாங்குபவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் 1080க்கு 1350 பிக்சல் என்ற உயரவாக்கு போஸ்ட் திரையை நன்றாக நிரப்பும். 2025 ஜனவரியில் இருந்து புரொஃபைல் கட்டங்களும் சதுரத்திலிருந்து 3:4 என்று நீண்டுவிட்டன. பழைய சதுர டிசைன்களின் ஓரத்தில் எழுதியிருந்தது வெட்டுப்பட்டது அதனால்தான். ரீல்ஸுக்கு 1080க்கு 1920. அதன் அடிப்பகுதியை கேப்ஷனும் பட்டன்களும் மறைத்துக்கொள்ளும். விலையையும் போன் நம்பரையும் அங்கே எழுதாதீர்கள்.

கேன்வா வழியின் குறை, தனியாக உட்கார்ந்து செய்வதுதான். நாம் செய்தது நமக்கு எப்போதும் நன்றாகவே தெரியும்.

அடுத்தது கோர்ஸ். மதுரையில் கிராஃபிக் டிசைன், டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று போர்டு மாட்டிய இடங்களுக்குக் குறைவில்லை. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, பிரீமியர் என்று வரிசையாக நடத்துவார்கள். வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கு அது சரி. அலுவலகத்தில் அந்த சாஃப்ட்வேர்தான் கேட்பார்கள். ஆனால் வாரத்துக்கு மூன்று போஸ்ட் போட வேண்டிய சேலைக்கடைக்காரருக்கு அந்தப் பாடத்திட்டத்தில் பெரும்பகுதி உதவாது. அவருக்கு வேண்டிய போட்டோ, தமிழ் எழுத்து, வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி மூன்றும் அதில் இருக்காது.

சேரத்தான் போகிறீர்கள் என்றால் டெமோ வகுப்பில் இரண்டு காரியம் செய்யுங்கள். சுவரில் மாட்டியிருக்கிற மாணவர் வேலைகளைப் பாருங்கள். எல்லாம் பர்கரும் ஷூவும் ஆங்கிலத்தில் இருந்தால், உங்கள் கடைக்கு அங்கே பாடம் கிடையாது. இரண்டாவது, ஆசிரியரிடம் ஃபோட்டோஷாப்பில் "கொண்டாட்டம்" என்று யுனிகோடில் (போனில் நாம் தமிழ் அடிக்கிற எழுத்து முறை) அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதைப் பார்த்ததும் சரிசெய்யத் தெரிந்தவர் தமிழில் வேலை பார்த்தவர். "தமிழ் அப்படித்தான் வரும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

பணம் கட்டுமுன் இலவசமாகக் கிடைப்பதையும் பாருங்கள். கிராமப்புற இளைஞர்களுக்கு முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சாப்பாடு உட்பட எல்லாம் இலவசம். போட்டோ, வீடியோ எடுக்கிற பயிற்சியும் அவர்கள் பட்டியலில் உண்டு. உங்கள் மாவட்ட மையத்தில் அடுத்து எப்போது என்று விசாரியுங்கள். கல்லூரியில் படிக்கிற மகனோ மகளோ வீட்டில் இருந்தால், 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் அவர்கள் கல்லூரிக்கு என்ன பாடம் வந்திருக்கிறது என்று கேட்கலாம். கேன்வாவும், இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டாவும் தங்கள் தளங்களிலேயே இலவசப் பாடங்கள் வைத்திருக்கின்றன.

மூன்றாவது வழியைத்தான் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம். போஸ்டர் என்றால் மதுரை என்று பேர் வாங்கிய ஊர் இது. கல்யாணம், காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு ஃப்ளெக்ஸ் கடை டிசைனர் ஒரு நாளில் பார்க்கிற வேலையை வேறு எங்கும் பார்க்க முடியாது. அதுவும் வாடிக்கையாளர் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும்போதே. "தம்பி, தாய்மாமன் படத்தை இன்னும் கொஞ்சம் மேல ஏத்துப்பா." "அண்ணே, ஏத்துனா பொண்ணு பேரை மறைக்கும். பேரை இடப்பக்கம் தள்ளிக்கவா?" இந்தப் பேச்சுதான் பாடம். எது பெரிதாக இருக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், காசு கொடுப்பவரின் மனசு நோகாமல் எப்படி மறுப்பது எல்லாம் அங்கே ஒரே மாதத்தில் புரிந்துவிடும். எழுத்துப் பிழையும் அங்கே தப்பாது. அச்சாகி வந்தபின் பேரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் திரும்ப அடிக்கிற செலவு கடைக்காரர் தலையில். அதனால் ப்ரூஃப் பார்க்கிற பழக்கம் தானாக வந்துவிடும்.

ஆனால் அங்கே கற்பதில் சிலவற்றைக் கடைவாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஃப்ளெக்ஸில் ஒரு அங்குலம்கூடக் காலியாக இருந்தால் "இடம் வீணா கிடக்கே" என்பார்கள். போன் திரையில் அந்தக் காலி இடம்தான் சேலையைக் காப்பாற்றும். அச்சுக்காக சிஎம்ஒய்கே நிறத்தில் செய்த ஃபைலை அப்படியே ஏற்றினால் நிறம் மங்கிப்போகலாம். போஸ்டுக்குத் திரைக்கான ஆர்ஜிபி நிறம்தான் வேண்டும். அப்புறம் எழுத்துரு. பல கடைகளில் இன்னும் யுனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகத்தை அவர்கள் மாற்றி எடுக்க வேண்டும், இல்லையென்றால் திரும்ப அடிக்க வேண்டும். பிழை நுழைவது அங்கேதான்.

உங்கள் கடைக்கு கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கும் யுனிகோடு எழுத்துருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். முக்தா மலர், கேட்டமரன், அனேக் தமிழ், நம் ஊர்ப் பேரையே தாங்கிய ஹிந்த் மதுரை எல்லாமே வியாபாரத்துக்கும் இலவசம். தலைப்புக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று என இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடமாவது மாற்றாமல் வைத்திருங்கள்.

ஃப்ளெக்ஸ் கடையில் சேரப் போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முகூர்த்தம் நெருக்கியடிக்கும் வாரத்திலோ சித்திரைத் திருவிழா சமயத்திலோ போய் நின்றால் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஓய்வான வாரமாகப் பார்த்து, சம்பளம் வேண்டாம், மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்கிறேன், உங்கள் கடைக்கு ஸ்டேட்டஸ் போஸ்ட் நான் செய்து தருகிறேன் என்று கேட்டால் அநேகமாகச் சரி என்பார்கள்.

ஃப்ளெக்ஸ் கடைக்குப் போக முடியாதவர்கள் திருத்தும் ஆளை வீட்டிலிருந்தே தேடிக்கொள்ளலாம். ஒரே சேலையை இரண்டு விதமாகச் செய்து, இரண்டு நாள் ஒரே நேரத்தில் ஸ்டேட்டஸில் போடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விடுங்கள். எதற்கு "அக்கா, இது என்ன விலை?" என்று அதிகம் கேட்டார்கள் என்று பாருங்கள். யாருமே கேட்காத அழகான போஸ்டைவிட நாலு பேர் விலை கேட்ட சாதாரணப் போஸ்ட் மேல்.

இந்த மூன்று இடத்திலும் பெரும்பாலும் சொல்லித் தராத ஒன்று, பாட்டு. இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்கு எல்லாச் சினிமாப் பாட்டும் கிடைக்காது. சொந்தக் கணக்கில் பாட்டுச் சேர்த்துச் செய்த ரீல்ஸைக் கடைக் கணக்கில் ஏற்றினால் சத்தம் நீக்கப்படலாம், உரிமைப் பிரச்சினையும் வரலாம். மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் இருக்கிற இசையை எடுங்கள். அதைவிட, சாயத் தொட்டியில் துணி அமுங்குகிற சத்தம், முடிச்சை உதறிப் பிரிக்கிற சத்தம் இவற்றையே பதிவு செய்து போடுங்கள். அது வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது.

கடைசி வழி, வெளியாளிடம் கொடுப்பது. நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் பொம்மை செய்பவருக்கு மண்ணிலிருந்து கையை எடுக்கவே நேரம் இருக்காது. அப்போது கொடுப்பதுதான் சரி. ஆனால் படத்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள். வருகிறவர் உங்கள் சரக்கைப் பற்றி உங்களளவுக்குத் தெரிந்தவராக இருக்கமாட்டார். கணக்கு உங்கள் போன் நம்பரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பாஸ்வேர்டைக் கொடுக்காமல் மெட்டா பிசினஸ் சூட் வழியாக அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். திருத்தக்கூடிய மூல ஃபைல் உங்களுக்குச் சொந்தம் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். மாதப் பணம் கொடுக்கிற அன்றைக்கே அந்த மாதத்து ஃபைல்களை வாங்கி உங்கள் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.